மார்ஷல் கோலும் மனச்சான்றும்

இராணுவப் பதவிகளில் ஒருவர் மேலேறிச் செல்லச் செல்ல, கீழ்ப்படிய வேண்டும் என்னும் கடமை அவர்மீது இறுகுகிறதா, தளர்கிறதா என்ற கேள்விக்குப் படைச் சட்டநூல்கள் நெடுங்காலம் விடை தேடவில்லை. கடைநிலைப் போர்வீரன் ஆணையை மீறினால் அவனுக்கு என்ன தண்டனை என்பதை அவை விரிவாக வகுத்தன. ஆணை பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே அமர்ந்திருப்பவர், அது தீயது என்று தெரிந்தும் நிறைவேற்றினால் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி அவை பேசவில்லை. அந்தக் கணக்கை முதலில் கேட்டவர்கள் சட்ட அறிஞர்களைக் காட்டிலும் இறையியலாளர்களே. அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த விடை, 1934க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஜெர்மனியில், படையின் உச்சப் பதவியை ஏற்றிருந்த ஒரு சிறு குழுவினரிடம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஹிட்லரின் ஃபீல்டு மார்ஷல்களே அக்குழுவினர்.

'மார்ஷல்' என்ற சொல்லின் வேரை நாடிச் சென்றால், பழைய ஜெர்மானிய மொழியில் குதிரையையும் ஏவலாளையும் குறித்த இரு சொற்கள் சேர்ந்து அது பிறந்தது தெரியவரும். அதாவது குதிரை லாயத்தில் வேலை செய்தவனின் பெயர் அரசவைப் பதவியாகி, பின்னர் படையின் மிக உயர்ந்த பட்டமாகியது. ஜெர்மன் படையில் இப்பதவிக்குக் 'கெனரால்ஃபெல்ட்மார்ஷல்' என்று பெயர். பெரும்போர் ஒன்றில் வென்றவருக்கோ, கோட்டை ஒன்றைப் பிடித்தவருக்கோ மட்டுமே இது தரப்பட வேண்டும் என்பது பிரஷ்ய மரபு. பதவியின் அடையாளமாக வெல்வெட் போர்த்திய, பொன் வேலைப்பாடு செய்த குறுங்கோல் ஒன்று வழங்கப்பட்டது. ஃபீல்டு மார்ஷல் ஓய்வு பெறுவதில்லை. போர்முனைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டாலும் வாழ்நாள் முழுதும் அவர் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். இந்தியாவிலும் 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா ஆகிய இருவருக்கு மட்டுமே அளிக்கப்பட்ட இப்பதவி இந்த மரபைத்தான் பின்பற்றுகிறது. பதவி வாழ்நாள் முழுதுக்கும் உரியதென்றால், அதனோடு பிணைந்த சத்தியமும் அவ்வாறானதா என்ற சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

வைமர் குடியரசின் காலத்தில் ஜெர்மன் போர்வீரன் எடுத்த சத்தியம் நாட்டின் அரசியலமைப்பைச் சார்ந்திருந்தது. 1933 டிசம்பரில் அது மக்களுக்கும் தாய்நாட்டுக்குமான சத்தியமாக மாற்றப்பட்டது. 1934 ஆகஸ்ட் 2 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் இறந்தார். அவரும் ஒரு ஃபீல்டு மார்ஷல். அன்றே படையினர் அணி அணியாக நிறுத்தப்பட்டுப் புதிய சத்தியம் ஒன்றைச் சொல்லும்படி பணிக்கப்பட்டனர். பாதுகாப்பு அமைச்சர் பிளோம்பெர்க்கும் அவரது அலுவலகத்தில் பணியாற்றிய ரைஷனாவும் முன்னின்று வகுத்த அந்த வாசகம், கடவுளைச் சாட்சியாக வைத்து, அடால்ஃப் ஹிட்லர் என்ற மனிதரின் பெயரைச் சொல்லி, அவருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதலை வாக்களிக்கச் செய்தது. அச்சத்தியத்துக்காக எந்நேரமும் உயிரைக் கொடுக்க ஆயத்தமாக இருப்பதாகவும் சொல்லச் செய்தது. நாடு, சட்டம், மக்கள் ஆகிய மூன்றும் இருந்த இடத்தில் ஒரு மனிதனின் பெயர் அமர்ந்தது. கடவுளின் பெயர் மட்டும் நீக்கப்படவில்லை. சமயத்தை மதிக்காத ஓர் ஆட்சிக்கு ஏன் கடவுள் தேவைப்பட்டார் என்பதற்கு விடை எளிது: சட்டத்துக்கு அஞ்சாதவனும் பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சுவான், லூத்தரன் குடும்பங்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பிறந்து வளர்ந்த அந்த அதிகாரிகள் அப்படிப்பட்டவர்களே.

ஆனால் அவர்கள் வளர்ந்த அதே சமய மரபு, சத்தியம் எந்த இடத்தில் கட்டுப்படுத்தாமல் போகும் என்பதையும் தெளிவாகவே சொல்லியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் தமது பெரும் இறையியல் தொகுப்பில் சத்தியத்தைக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் வழிபாட்டுச் செயலாக வரையறுத்தார். சத்தியம் வழிபாடு என்றால், பாவமான ஒன்றைச் செய்வதாகக் கடவுளைச் சாட்சி வைத்துச் சொல்வது அவரையே அப்பாவத்துக்கு உடன்பட அழைப்பதாகும். ஆகவே அத்தகைய சத்தியம் எடுத்ததும் பாவம், காப்பதும் பாவம் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அவர் எடுத்துக்கொள்ளும் சான்று ஏரோது மன்னன்: விருந்தில் நடனமாடிய பெண்ணுக்கு எதையும் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு, அவள் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டபோது, விருந்தினர் முன் சொன்ன சொல் தவறக் கூடாதென்று தலையைக் கொய்யச் செய்தவன். ஏரோது வாக்குத் தவறாதவன் என்று எந்தக் கிறித்தவரும் அவனைப் போற்றியதில்லை.

போரையும் கீழ்ப்படிதலையும் பற்றிய விவாதம் இதைவிடச் சிக்கலானது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன், தீய மன்னனின் கீழும் நல்ல வீரன் பணியாற்றலாம் என்றும், ஆணை தெய்வக் கட்டளைக்கு வெளிப்படையாக முரண்படாதவரையில் குற்றம் ஆணையிட்டவனைச் சாரும், கீழ்ப்படிந்தவன் குற்றமற்றவனாக இருக்கலாம் என்றும் எழுதினார். இந்த ஒரு கருத்து பின்வந்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் எண்ணற்ற படைகளுக்கு ஆறுதலாக அமைந்தது. மார்ட்டின் லூதரும் 1526இல் போர்வீரர்களும் மீட்படைய முடியுமா என்ற கேள்விக்கு விடையாக ஒரு நூல் எழுதினார். அசா ஃபான் கிராம் என்ற படைத்தலைவரின் மனச்சான்று எழுப்பிய ஐயமே அந்நூலுக்குத் தூண்டுதல். தலைவனின் போர் அநீதியானது என்று உறுதியாகத் தெரிந்தால் வீரன் போகக் கூடாது, மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே முறை. தெரியாத நிலையில், தெரிந்துகொள்ள வழியும் இல்லாத நிலையில், கீழ்ப்படியலாம் என்பது லூதரின் விடை. எனவே கேள்வி முழுவதும் 'தெரிதல்' என்ற ஒரு சொல்லின்மேல் வந்து நிற்கிறது.

அந்தச் சொல்லைப் பதவியோடு இணைத்துச் சிந்தித்தவர் சலமாங்காப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. 1539இல் போர்ச் சட்டத்தைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரையில், மன்னனின் அவையில் இடமில்லாத, அவன் காதில் தன் சொல் விழ வாய்ப்பில்லாத எளிய குடிமகன் போரின் நீதியை ஆராய வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். ஆனால் ஆலோசனை அவைக்கு அழைக்கப்படுபவர்கள் அனைவரும் போரின் காரணத்தை ஆராயக் கடமைப்பட்டவர்கள், ஆராயாமல் விட்டால் அவர்களும் அப்போரின் குற்றத்தில் பங்காளிகள் என்றார். எளியவனுக்கும் அவர் முழு விலக்குத் தரவில்லை. அநீதியின் அடையாளங்கள் வெளிப்படையாக இருக்கும்போது அறியாமை யாரையும் காக்காது என்றும், அது காக்குமென்றால் பிலாத்துவின் ஆணைப்படி இயேசுவைச் சிலுவையில் அறைந்த வீரர்களும் குற்றமற்றவர்களாகிவிடுவர் என்றும் வாதிட்டார். இந்த வாதத்தின்படி பதவி என்பது அறியும் வாய்ப்பின் அளவு. பதவி உயர உயர அறியாமை என்னும் கவசம் மெலிந்துகொண்டே போகிறது. உச்சத்தில் அது முற்றிலும் கழன்றுவிடுகிறது.

1940 ஜூலை 19 அன்று பெர்லினின் கிரோல் ஓபரா மாளிகையில் கூடிய நாடாளுமன்றத்தின் முன், பிரான்சின் வீழ்ச்சிக்குப் பரிசாக, ஹிட்லர் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரை ஃபீல்டு மார்ஷல்களாக உயர்த்தினார். தரைப்படையில் பிரவுக்கிட்ஷ், கைட்டல், ருண்ட்ஷ்டெட், போக், லேப், லிஸ்ட், க்ளூகெ, விட்ஸ்லேபன், ரைஷனாவ் என ஒன்பது பேர். வான்படையில் மில்க், கெஸ்ஸல்ரிங், ஷ்பெர்லெ என மூவர். இவர்களுள் கைட்டல் அப்போரில் எந்தப் படையையும் களத்தில் நடத்தாத மேசை அதிகாரி என்பதே பழைய மரபு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதைக் காட்டப் போதுமானது. மார்ஷல் கோலோடு வெளியில் தெரியாத வேறொன்றும் வந்தது: ஊதியத்துக்கு மேலாக, மாதந்தோறும் வரியில்லாத 4,000 ரைஷ்மார்க் ஹிட்லரின் தனி நிதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. 1942 அக்டோபரில் க்ளூகெயின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த காசோலை 250,000 ரைஷ்மார்க்குக்கு உரியது.

தமிழ் மரபில், இப்படிப் பெற்றவர் கொடுத்தவருக்குப் படும் கடனுக்குச் 'செஞ்சோற்றுக் கடன்' என்று பெயர்; உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்துத் தீர்க்கும் நன்றிக்கடனை அது குறிக்கும். கர்ணனும் கும்பகர்ணனும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவோர். ஆனால் கம்பனின் கும்பகர்ணன் களம் செல்லுமுன் இராவணனிடம் முகத்துக்கு நேரே அவன் செய்தது தவறென்று சொல்லி, சீதையை விட்டுவிடும்படி அறிவுரை கூறியவன் என்பதையும், அதன் பிறகே சாகப் போனான் என்பதையும் மறக்கலாகாது. வீடணன் வேறு வழியை எடுத்தான். உண்மையைச் சொல்லிவிட்டுச் சாவது, விட்டு விலகுவது என்ற இரண்டு வழிகளில் ஒன்றையும் தேராமல், தனி அறையில் முணுமுணுத்து, பொது இடத்தில் வணங்கி, மாதத் தொகையைப் பெற்றுக்கொள்வது செஞ்சோற்றுக் கடனில் அடங்காது.

இம்மூன்றாம் வழியைத் தெளிவாகக் காட்டுவது வில்ஹெல்ம் ஃபான் லேபின் வாழ்க்கை. பவேரியாவைச் சேர்ந்த, ஆழ்ந்த பற்றுள்ள கத்தோலிக்கரான இவர், 1939 அக்டோபரில், நடுநிலை நாடுகளான பெல்ஜியம், ஹாலந்து ஆகியவற்றின் வழியாகத் தாக்குவது தவறு என்று விரிவான குறிப்பு ஒன்றைத் தரைப்படைத் தலைவர் பிரவுக்கிட்ஷுக்கு அனுப்பினார். வித்தோரியா கேட்ட ஆராய்ச்சியை அவர் செய்துவிட்டார், முடிவையும் எழுதிவிட்டார். பிறகு 1940 மே மாதத்தில் அந்தப் போரிலேயே ஒரு படைத்தொகுதியை நடத்தி, அதற்காகவே மார்ஷல் கோலைப் பெற்றார். 1941 ஜூலையில் லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படுவதை அவருக்குக் கீழிருந்த தளபதி ஒருவர் தெரிவித்தபோது, அந்த நடவடிக்கைகளில் தமக்குச் செல்வாக்கு இல்லையென்றும், ஒதுங்கி நிற்பது ஒன்றே செய்யக்கூடியதென்றும் நாட்குறிப்பில் எழுதினார். இலட்சக்கணக்கான படைவீரர்களுக்குத் தலைவராக, அந்நிலப்பகுதியில் அவரது ஆணைக்கு மேல் பெர்லினின் ஆணை மட்டுமே இருந்த நிலையில் எழுதப்பட்ட வரி அது. 1942 ஜனவரியில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குக் காரணம் போர்த்தந்திரம் பற்றிய கருத்து வேறுபாடு. பின்னர் அரசுச் செலவில் நிலப்பண்ணை ஒன்றையும் பெற்றுக்கொண்டார்.

தெரியாமல் நடந்தது என்ற வாதத்துக்கு இடமே இல்லை. 1941 மார்ச் 30 அன்று இருநூறுக்கு மேற்பட்ட உயர் தளபதிகளைத் தம் அலுவலக மாளிகைக்கு வரவழைத்த ஹிட்லர், சோவியத் யூனியனுக்கு எதிரான போர் வழக்கமான போராக இராது, எதிரியை அழித்தொழிக்கும் போராகவே இருக்கும் என்று அவர்கள் முகத்துக்கு எதிரே அறிவித்தார். பொதுமக்களுக்கு எதிராகப் படையினர் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் கட்டாயத்தை நீக்கிய ஆணை மே 13 அன்றும், சிறைப்படும் சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுவிட வேண்டும் என்ற ஆணை ஜூன் 6 அன்றும் வெளியாயின. வித்தோரியாவின் சொல்லில் கூறினால், இவர்கள் அவைக்கு அழைக்கப்பட்டவர்கள்.

பதவி உயர உயரப் பொறுப்பும் கூடும் என்ற இந்த உண்மையை அக்காலத்து ஜெர்மன் தளபதிகளுள் தெளிவாக எழுத்தில் வடித்தவர் ஃபீல்டு மார்ஷல் ஆகாத லுட்விக் பெக். தரைப்படையின் தலைமைப் பணியகத்துக்குத் தலைவராக இருந்த அவர், செக்கோஸ்லோவாக்கியாமீது படையெடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1938 ஜூலையில் எழுதிய குறிப்பில், அறிவும் மனச்சான்றும் பொறுப்பும் ஓர் ஆணையை நிறைவேற்ற விடாமல் தடுக்கும் இடத்தில் போர்வீரனின் கீழ்ப்படிதல் முடிந்துவிடுகிறது என்று வாதிட்டார். அதைவிட முக்கியமானது, மிக உயர்ந்த பதவியில் இருப்பவர் இத்தகைய காலங்களில் தம் கடமையை இராணுவப் பணி என்ற குறுகிய வட்டத்துக்குள் மட்டும் காண்பது சிறுமை என்று அவர் சேர்த்துச் சொன்னது. வித்தோரியாவை பெக் படித்திருந்தாரா என்பது இங்கே பொருட்டல்ல. இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். தளபதிகள் அனைவரும் ஒரே நாளில் பதவி விலக வேண்டும் என்று அவர் வேண்டினார். பிரவுக்கிட்ஷ் அதற்குத் துணியவில்லை. பெக் அந்த ஆகஸ்டில் தனியாக விலகினார்.

பெக்கின் வாதத்துக்கு மறுமொழியாகப் பின்னாளில் அடிக்கடி எடுத்தாளப்பட்டது ஃபீல்டு மார்ஷல் எரிக் ஃபான் மன்ஷ்டைனின் விடை. 1943 கோடையில் ஹிட்லரின் எதிர்ப்பாளர் சார்பில் தம்மை நாடி வந்த கெர்ஸ்டோர்ஃப் என்ற அதிகாரியிடம், பிரஷ்ய ஃபீல்டு மார்ஷல்கள் கலகம் செய்வதில்லை என்று மன்ஷ்டைன் கூறியதாகக் கெர்ஸ்டோர்ஃப் பதிவு செய்துள்ளார். கேட்கப் பெருமிதமாக ஒலிக்கும் இவ்விடை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. 1812 டிசம்பர் 30 அன்று, நெப்போலியனுக்குத் துணையாக அனுப்பப்பட்டிருந்த பிரஷ்யப் படையின் தளபதி யோர்க், மன்னரின் ஒப்புதல் இல்லாமலே டௌரோகன் என்ற இடத்தில் ரஷ்யர்களோடு நடுநிலை உடன்படிக்கை செய்துகொண்டார். தம் தலை போகலாம் என்று தெரிந்தே செய்த செயல் அது. அந்த மீறலிலிருந்தே பிரஷ்யாவின் விடுதலைப் போர் எழுந்தது. அந்த யோர்க் 1821இல் ஃபீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். பெர்லினின் முதன்மை வீதியில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. கலகம் செய்தபோது அவர் மார்ஷல் அல்லர் என்று மன்ஷ்டைன் தரப்பில் சொல்லலாம்தான். ஆனால் மீறியவருக்கு அந்தக் கோலைக் கொடுத்த மரபு, மீறாமையே அந்தக் கோலின் இலக்கணம் என்று சொல்லவில்லை.

ஃபிரீட்ரிக் பவுலுஸின் பதவி உயர்வு இந்தக் கேள்வியை வேறொரு திசைக்குத் திருப்பியது. ஸ்டாலின்கிராடில் சூழப்பட்டிருந்த ஆறாம் படையின் தலைவரான அவருக்கு 1943 ஜனவரி 30 அன்று, நாஜி ஆட்சியின் பத்தாம் ஆண்டு நாளில், ஃபீல்டு மார்ஷல் பதவி வானொலிச் செய்தியாக வந்தது. அந்தப் பதவியில் இருந்த எந்த ஜெர்மானியரும் உயிரோடு எதிரியிடம் பிடிபட்டதில்லை என்று நம்பிய ஹிட்லர், பவுலுஸ் தற்கொலை செய்துகொள்வார் என்று எதிர்பார்த்தார். ஆகவே அந்தப் பதவி உயர்வு உண்மையில் இறக்கும்படி இடப்பட்ட ஆணை. மறுநாள் காலை, யூனிவர்மாக் என்ற பல்பொருள் அங்காடியின் நிலவறையிலிருந்து பவுலுஸ் சரணடைந்தார். பிப்ரவரி 1 அன்று நடந்த ஆலோசனையில் ஹிட்லர் கொதித்துப் பேசியது சுருக்கெழுத்தில் பதிவாகியுள்ளது. இந்தப் போரில் இனி யாரையும் ஃபீல்டு மார்ஷல் ஆக்கப் போவதில்லை என்று அவர் சொன்ன அதே தேதியில்தான் க்ளைஸ்ட், வைக்ஸ், புஷ் மூவரும் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டனர்.

தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைக் கொலையாகவே கருதிய அகுஸ்தீன், இதே சிக்கலுக்கு ஒரு ரோமானியத் தளபதியை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கார்த்தேஜ் நகரத்தாரிடம் சிறைப்பட்ட ரெகுலுஸ், கைதிப் பரிமாற்றம் பேச ரோமுக்கு அனுப்பப்பட்டபோது திரும்பி வருவதாகச் சத்தியம் செய்திருந்தார். ரோமில் அந்தப் பரிமாற்றத்துக்கு எதிராகவே அறிவுரை கூறிவிட்டு, சித்திரவதை காத்திருப்பதை அறிந்தே திரும்பிச் சென்றார் என்பது மரபுச் செய்தி. தோல்வியின் இழிவுக்கு அஞ்சித் தற்கொலை செய்துகொண்ட கேட்டோவைவிட, உயிரோடிருந்து சத்தியம் காத்த ரெகுலுஸை அகுஸ்தீன் உயர்த்திப் பேசுகிறார். ரெகுலுஸின் சத்தியத்துக்கு விலை கொடுத்தது அவரது சொந்த உடல். பவுலுஸின் சத்தியத்துக்கு விலை கொடுத்தவர்கள் பிறர்: உணவின்றி, மருந்தின்றி, சரணடையும் வாய்ப்பு ஜனவரி 8 அன்றே வந்தும் ஹிட்லரின் ஆணைப்படி மறுக்கப்பட்டு, மேலும் மூன்று வாரம் போரிட்டவர்கள். இறுதியில் சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில் தாயகம் திரும்பியவர் ஐயாயிரம், ஆறாயிரம் அளவிலேயே இருந்தனர். தற்கொலையை மறுத்தது பவுலுஸின் சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் தம் உயிரைக் கேட்ட ஆணையை மறுக்க முடிந்தவர், தம் வீரர்களின் உயிரைக் கேட்ட ஆணையை மூன்று வாரங்களுக்கு முன் ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி அவரை விட்டு நீங்குவதில்லை. சரணடையும்போது, தாம் தனிமனிதராக மட்டுமே சரணடைவதாகவும், நகரின் வடபகுதியில் இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த படைக்கு ஆணையிட முடியாது என்றும் அவர் கூறிவிட்டார். பதவி ஏற்று ஒரே நாளில், அந்தப் பதவி ஒரு நன்மையைச் செய்யக்கூடியதாக இருந்த ஒரே மணிநேரத்தில், அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

பன்னிருவரில் சத்தியத்தை வெளிப்படையாக உடைத்தவர் எர்வின் ஃபான் விட்ஸ்லேபன் ஒருவரே. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி வென்றிருந்தால் படைகள் அனைத்துக்கும் தலைவராகியிருக்க வேண்டியவர் அவர். க்ளூகெ சதியைப் பற்றி அறிந்திருந்தார். அன்று மாலை ஹிட்லர் பிழைத்துவிட்டார் என்று உறுதியானதும் ஒதுங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 19 அன்று நஞ்சுண்டு இறந்தார். முயற்சி தோற்றதும், போர்வீரர்களை இராணுவ நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தாண்டிச் செல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களைப் படையிலிருந்து நீக்கும் 'மதிப்பு மன்றம்' ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ருண்ட்ஷ்டெட். உறுப்பினர்களில் ஒருவர் கைட்டல். ஒரே நாளில் ஒரே அரங்கில் மார்ஷல் பதவி பெற்ற இருவர், மூன்றாமவரிடமிருந்து அதைப் பறித்து அவரை நாஜி ஆட்சியின் மக்கள் நீதிமன்றத்தின் கையில் ஒப்படைத்தனர். ஆகஸ்ட் 8 அன்று பெர்லினின் ப்ளொட்சன்ஸே சிறையில் விட்ஸ்லேபன் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் அங்கே தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் பீட்டர் யோர்க் ஃபான் வார்ட்டன்பர்க். டௌரோகனில் மன்னரின் ஆணையை மீறிய அந்த யோர்க்கின் வழித்தோன்றல்.

போருக்குப் பின் இக்கேள்வி நீதிமன்றங்களின் கைக்குச் சென்றது. 1945 ஆகஸ்டில் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் நீதிமன்றச் சாசனத்தின் எட்டாம் பிரிவு, மேலிடத்து ஆணை என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டுமே உதவலாம் என்றது. கைட்டல் 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். தம்மைச் சுட்டுக் கொல்லுமாறு, போர்வீரனுக்கு உரிய மரணத்தை அவர் கேட்டிருந்தார், அது மறுக்கப்பட்டது. 1947 டிசம்பரிலிருந்து 1948 அக்டோபர் வரை நடந்த உயர் தலைமை வழக்கில் முதல் எதிரி லேப். தாக்குதல் போர் தொடுத்த குற்றத்திலிருந்து அனைவரையும் விடுவித்த அமெரிக்க நீதிபதிகள், ஒருவரது பதவியோ தகுதியோ அக்குற்றத்துக்கு அளவுகோல் ஆகாது, நாட்டின் கொள்கையை வகுக்கவோ அதில் செல்வாக்குச் செலுத்தவோ அவருக்கு இருந்த ஆற்றலே அளவுகோல் என்றனர். பொதுமக்களுக்கு எதிரான குற்றங்களை விசாரணையிலிருந்து விலக்கிய ஆணையைக் கீழே அனுப்பியதற்காக லேப் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். காவலில் இருந்த காலமே அதற்கு ஈடாகிவிட்டது.

சட்டத்தின் அளவுகோலுக்கு அதன் நியாயம் உண்டு: தண்டிப்பதற்குச் செயலும் ஆற்றலும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆனால் சலமாங்காத் துறவியின் அளவுகோலோடு ஒப்பிடும்போது அது பெரியதோர் இடைவெளியை விட்டுவைக்கிறது. கொள்கையை வகுக்கும் ஆற்றல் உனக்கு இருந்ததா என்று நீதிமன்றம் கேட்டது. அவைக்கு அழைக்கப்பட்டாயா, அங்கே உன் வாய் திறந்ததா என்று வித்தோரியா கேட்டிருப்பார். பேசினால் பயன் இருக்காது என்பது முதல் கேள்விக்கு விடையாகலாம், இரண்டாவதற்கு ஆகாது. தமக்கு ஆற்றல் இல்லை என்று சொன்ன ஃபீல்டு மார்ஷல்கள், அரசனின் காதுக்குச் சொல் எட்டாத எளிய குடிமகனுக்கு அகுஸ்தீனும் லூதரும் மனமிரங்கி அளித்த விலக்கைத் தமக்காகக் கேட்டனர். கோலையும் மாதம் 4,000 ரைஷ்மார்க்கையும் கேட்டபோது அவர்கள் எளிய குடிமக்களாக இருக்கவில்லை.

சத்தியத்தின் சமயக் கேள்விக்கு ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று நேராக முகம் கொடுத்தது 1952 மார்ச்சில், பிரவுன்ஷ்வைக் நகரில். ஜூலை 20 எதிர்ப்பாளர்களை நாட்டுத் துரோகிகள் என்று பேசிய முன்னாள் தளபதி ஒட்டோ எர்ன்ஸ்ட் ரேமர்மீது நடந்த அவதூறு வழக்கில், அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பௌவர் இறையியலாளர்களைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். இவான்ட், எர்ன்ஸ்ட் வோல்ஃப் ஆகிய புராட்டஸ்டன்ட் அறிஞர்களும், ரூபர்ட் ஆங்கர்மையர் என்ற கத்தோலிக்க ஒழுக்கவியல் அறிஞரும், கொடுங்கோன்மைக்கு எதிராக நிற்கும் உரிமையைத் தத்தம் சமய மரபிலிருந்து எடுத்துரைத்தனர். ஒரு மனிதனுக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதலை வாக்களிக்கும் சத்தியம் அறநெறிக்கு முரணானது, ஆகவே செல்லாதது என்பது பௌவரின் வாதம். ரேமருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

1955இல் மேற்கு ஜெர்மனி அமைத்த புதிய படையில் போர்வீரர் எடுக்கும் சத்தியம் எந்த மனிதரின் பெயரையும் சொல்வதில்லை. கூட்டாட்சிக் குடியரசுக்கு உண்மையாகப் பணியாற்றவும், மக்களின் உரிமையையும் விடுதலையையும் காக்கவும் மட்டுமே அது வாக்களிக்கிறது. இறுதியில் வரும் கடவுளின் பெயரை விரும்பாதவர் விட்டுவிடலாம். 1956ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம், மனித மாண்பைக் குலைக்கும் ஆணைக்குக் கீழ்ப்படியாதது குற்றமாகாது என்றும், குற்றச்செயலுக்கு இட்டுச் செல்லும் ஆணைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்றும் விதிக்கிறது. அந்தப் படையின் மிக உயர்ந்த பதவி நான்கு நட்சத்திர ஜெனரல். ஃபீல்டு மார்ஷல் என்ற பதவி அதன் பட்டியலில் இல்லை.